நீண்ட நேரம் வேகும் இத்தாலிய இறைச்சிச் சாஸ்: மணல் போல உதிர்வதும் தண்ணீராகப் பிரிவதும் ஏன்?

வெங்காயத்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியர்கள் ராகூ என்று சொல்லும், மணிக்கணக்கில் சிறுதீயில் வேகும் இறைச்சிச் சாஸைக் கடந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். (ராகு என்று குறிலில் எழுதினால் கிரகம் குறுக்கே வந்து நிற்பதால் நெடிலில் எழுதுகிறேன். மூன்று முறையும் கெட்டுப்போனதைப் பார்த்தால் குறில்தான் பொருத்தமோ என்றும் தோன்றுகிறது.)

நான் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் உண்பதில்லை. ஆகவே 500 கிராம் ஆட்டுக் கொத்துக்கறி, அதுவும் கொழுப்பை முழுக்க நீக்கித் தொடைப்பகுதியிலிருந்து நைசாக அரைத்து வாங்கியது. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் எண்ணெயில் வதக்கி, கறியை மொத்தமாகக் கொட்டிக் கிளறினேன். கறி ஏராளமாகத் தண்ணீர் விட்டு, சாம்பல் நிறமாக மாறியது. அதன்மேல் நான்கு பெரிய தக்காளியும் 400 கிராம் டின் தக்காளியும் சேர்த்து, மூடி போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். இது முதல் முறை. இரண்டாம் முறை இதே செய்முறையில் கடைசியாக ஒரு குவளை பாலை ஊற்றினேன்; பால் திரிதிரியாகத் திரிந்துவிட்டது. மூன்றாம் முறை பொறுமை இழந்து பிரஷர் குக்கரில் நாற்பது நிமிடம் வைத்தேன்.

மூன்று முறையும் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். கறி வாயில் மணல் போல நெறுநெறுக்கிறது; சாஸ் புளிக்கிறது; தட்டில் வைத்த சிறிது நேரத்தில் பாஸ்தாவைச் சுற்றிச் சிவப்புத் தண்ணீர் ஒரு வளையமாகக் கட்டிக்கொள்கிறது. மூன்று மணி நேரம் வேகவைப்பதால் உண்மையில் உள்ளே என்னதான் நடக்கிறது என்பதையும், தக்காளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும், பாலை எப்போது சேர்ப்பது என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ஒயின் ஊற்றுவதில்லை. ஒயினும் பன்றி இறைச்சியும் இல்லாமல் இதை ராகூ என்று அழைக்கலாமா என்பதும் ஒரு கேள்விதான்.


மரக்கரண்டி எழுதியது:

உங்கள் மூன்று முயற்சிகளையும் படித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் என் அடுப்பில் நடந்ததையே யாரோ எழுதிவைத்ததுபோல் இருந்தது. ஐந்நூறு கிராம் கறிக்கு ஏறத்தாழ எண்ணூறு கிராம் தக்காளி போட்டிருக்கிறீர்கள் என்று கணக்கிடுகிறேன். அது கறி போட்ட தக்காளிச் சாஸ் ஆகும். ராகூவில் தக்காளி, உப்பையும் மிளகையும் போல ஒரு சுவையூட்டிதான். ஐந்நூறு கிராம் கறிக்கு இருநூறு, மிஞ்சினால் இருநூற்றைம்பது கிராம் வடிகட்டிய தக்காளிக் கூழும் ஒரு மேசைக்கரண்டி கெட்டியான தக்காளி விழுதும் போதும். புளிப்பும் சிவப்புத் தண்ணீரும் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும்.

மணல் போல நெறுநெறுப்பதற்குக் காரணம் கறியின் தேர்வு. தசை நார்கள் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் சுருங்கித் தம்மிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளத் தொடங்குகின்றன. அதன் பிறகு எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்த நீர் நாருக்குள் திரும்புவதில்லை. நீண்ட நேரம் வெந்த இறைச்சி மென்மையாக இருப்பதுபோல் நமக்குத் தோன்றுவது, நார்களுக்கு இடையிலுள்ள கொலாஜன் என்னும் இணைப்புத் திசு 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறி, உலர்ந்த நார்களுக்கு வழவழப்பான பூச்சு ஒன்றைக் கொடுப்பதால்தான். மூன்று மணி நேரம் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு முதன்மையான விடை இதுவே. கொழுப்பை நீக்கிய தொடைக்கறியில் கொழுப்பும் குறைவு, கொலாஜனும் குறைவு. கரைவதற்கு எதுவும் இல்லாத கறியை மூன்று மணி நேரம் வேகவைத்தால் நார் மட்டும்தான் மிஞ்சும். தோள்பட்டைப் பகுதியும் முன்னங்கால் சப்பைப் பகுதியும் கலந்து, கொழுப்போடு, பெரிய துளைத் தட்டில் ஒரே ஒருமுறை அரைத்துத் தரும்படி கேளுங்கள். அல்லது கத்தியால் கையாலேயே கொத்திக்கொள்ளுங்கள். துண்டுகள் ஏறத்தாழ மிளகு அளவுக்காவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது, கறி சாம்பல் நிறமாக நின்றுபோன கதை. சுவையும் மணமும் நிறைந்த பழுப்பு நிறம், 1912இல் லூயி கமீல் மையார் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினையால் உண்டாகிறது; புரதங்களின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நடத்தும் இந்த வினை, சமையலில் பயன்படும் வேகத்தில் நடக்க 140 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. பாத்திரத்தில் தண்ணீர் நிற்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நீங்கள் செய்ததுபோல் தண்ணீர் நிற்கும்போதே தக்காளியையும் ஊற்றிவிட்டால், பழுப்பு நிறத்துக்கான வாய்ப்பை நீங்களே அணைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

இதைக் காதால் கவனிப்பதுதான் எளிது. அகலமான, அடிகனமான பாத்திரத்தைப் பெருந்தீயில் வைத்துக் கறியை இரண்டு பங்காகப் போடுங்கள். முதலில் தண்ணீர் கொதிக்கும் களகளவென்ற ஓசைதான் கேட்கும். ஐந்தாறு நிமிடம் கழித்து அந்த ஓசை தணிந்து, ஒருகணம் பாத்திரமே அமைதியாகிவிட்டதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு கொழுப்பில் கறி பொரியும் சடசட ஓசை, வேறு குரலில், வேறு வேகத்தில் தொடங்கும். பெரும்பாலோர் அந்த இடைவெளியில்தான் ஏமாந்து அடுத்த பொருளைக் கொட்டிவிடுகிறார்கள். சடசட ஓசை தொடங்கிய பின், அடிக்கடி கிளறாமல், நான்கைந்து நிமிடம் விட்டுவையுங்கள். அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அது கருகிய அடிப்பிடிப்பு அல்ல, பாத்திரத்திலுள்ள மிகச் சிறந்த சுவை அதுதான். நூறு மில்லி லிட்டர் சூடான எலும்புச் சாறு ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள்.

உப்பை இந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் போட வேண்டாம். மூன்று மணி நேரம் சுண்டப்போகிற சாஸ் அது.


அளவுகோல் எழுதியது:

மேலே சொன்ன சமையல் விளக்கத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பெயரைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லையே.

இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியிலுள்ள பொலோனியா நகரத்தின் ராகூவுக்கு, பதிவு செய்யப்பட்ட செய்முறை ஒன்று உண்டு. இத்தாலியச் சமையற்கலைக் கழகத்தின் பொலோனியா கிளை அதனை 1982 அக்டோபர் 17ஆம் நாள் அந்நகர வணிகச் சபையில் பதிவு செய்தது. திருத்திய வடிவத்தை 2023 ஏப்ரல் 20ஆம் நாள் மீண்டும் பதிவு செய்தது. திருத்திய வடிவத்தின்படி, கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம், புகையூட்டாத பான்செட்டா எனப்படும் பன்றி வயிற்றுக் கொழுப்பிறைச்சி 150 கிராம், வெங்காயம், கேரட், செலரி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 கிராம், ஒரு கோப்பை ஒயின், தக்காளிக் கூழ் 200 கிராம், தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, விருப்பமிருந்தால் ஒரு கோப்பை முழுக்கொழுப்புப் பால், தேவைக்கேற்ப இலேசான சாறு, மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு ஆகியவை மட்டுமே சேரும். பூண்டு, ரோஸ்மேரி, பார்ஸ்லி போன்ற மணத்தழைகள், பிராந்தி, கெட்டியாக்குவதற்கான மாவு ஆகியவற்றுக்கு இடமில்லை என்றும் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ள இசைவு உண்டு.

சமைக்கும் வரிசையும் அதில் உண்டு. பான்செட்டாவை எண்ணெயோடு உருகவிட்டு, காய்களை நிறம் மாறாமல் மெதுவாக வதக்கி, தீயை உயர்த்திக் கறியைச் சேர்த்துப் பொரியும் ஓசை வரும்வரை பத்து நிமிடம் கிளறி, ஒயினை ஊற்றி அதன் வாடை முற்றிலும் நீங்கும்வரை வற்றவைத்து, பின்னரே தக்காளியும் சூடான சாறும் சேர்க்க வேண்டும். அதற்குமேல் இரண்டு மணி நேரம், கறியைப் பொறுத்து மூன்று மணி நேரம், மூடி வைத்துச் சிறுதீயில் வேகும். வற்றும்போதெல்லாம் சூடான சாறு சிறிது சிறிதாகச் சேரும். பால் விரும்புவோர் பாதி நேரம் கடந்ததும் அதைச் சேர்த்து முழுவதும் சுண்டவிட வேண்டும்.

ஆகவே, ஆட்டுக்கறியில் நீங்கள் செய்வது மிகச் சுவையாகவே இருக்கலாம். அதைப் பொலோனியா ராகூ என்று அழைக்க முடியாது என்பதே என் கருத்து.


பழைய வாணலி எழுதியது:

அளவுகோல் அவர்கள் எழுதிய விவரங்கள் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவு மட்டும் கொஞ்சம் கறாராக இருக்கிறது. பதிவான செய்முறையே நாற்பது ஆண்டுகளில் இடம் மாறியிருக்கிறதே? 1982ஆம் ஆண்டின் பதிவில் கறி 300 கிராம், அதுவும் மாட்டின் உதரவிதானத் தசையாகிய கார்த்தெல்லா என்னும் குறிப்பிட்ட பகுதி. தக்காளிச் சாஸ் ஐந்து மேசைக்கரண்டி அல்லது மும்மடங்கு சுண்டவைத்த விழுது 20 கிராம். ஒயின் அரைக் கோப்பை. 2023ஆம் ஆண்டுக்குள் தக்காளி இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது, கறியின் பகுதியைப் பற்றிய கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1891இல் பெல்லெக்ரீனோ அர்தூசி வெளியிட்ட சமையல் நூலில் உள்ள பொலோனியா முறை மக்கரோனிக்கான சாஸில் தக்காளியே கிடையாது. இளங்கன்றின் கொழுப்பற்ற இறைச்சி, உப்பிட்ட பன்றிக் கொழுப்பிறைச்சி, வெண்ணெய், காய்கள், சாறு, கடைசியில் விரும்பினால் அரைக் கோப்பை பாலாடை. அவ்வளவுதான்.

ராகூ என்ற சொல்லே பிரெஞ்சு மொழியின் ரகூ என்பதிலிருந்து வந்தது. இத்தாலியில் அது ஒரே சாஸின் பெயரும் அல்ல. நேப்பிள்ஸ் நகரத்தில் கறியை அரைப்பதே இல்லை. பெரிய துண்டுகளாகத் தக்காளியில் அரைநாள் வேகவைத்து, சாஸைப் பாஸ்தாவுக்கும் கறியைத் தனியாக அடுத்த பரிமாறலுக்கும் வைத்துக்கொள்வார்கள். டஸ்கனியில் காட்டுப்பன்றி ராகூவை அகலமான பப்பர்தெல்லே பாஸ்தாவோடு உண்பார்கள். உங்களுக்கு வேண்டியது அப்ருட்சோ பகுதியில் இருக்கிறது. மலைமேய்ச்சலுக்குப் பேர்போன அந்த நிலத்தில் ஆட்டுக்குட்டி இறைச்சியில் ராகூ செய்வது வழிவழியாக வந்த முறை. குடைமிளகாய் சேர்ப்பதும் உண்டு. அதற்குரிய பாஸ்தாவுக்குக் கித்தாரா என்று பெயர். மரச் சட்டத்தில் கம்பிகளை நெருக்கமாக இழுத்துக் கட்டிய கருவியின்மேல் மாவுத் தகட்டை விரித்து உருளையால் அழுத்தினால், கம்பிகளுக்கு இடையே சதுர முனையுள்ள இழைகளாக வெட்டுப்பட்டு விழும். எனவே ஆட்டுக்கறி ராகூ என்று தலைநிமிர்ந்தே சொல்லுங்கள். பொலோனியா என்ற அடைமொழியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த அளவில் நான் அளவுகோல் பக்கம்தான்.

ஒயினைப் பற்றி ஒன்று. நீண்ட நேரம் கொதித்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அமெரிக்க வேளாண்துறை வெளியிட்டுள்ள அட்டவணையின்படி, கால் மணி நேரம் கொதித்த பின் ஊற்றியதில் ஏறத்தாழ 40 விழுக்காடும், இரண்டரை மணி நேரம் கொதித்த பின்னும் 5 விழுக்காடும் மிஞ்சுகின்றன. மதுவை முற்றிலும் விலக்குபவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. ஒயின் இங்கே செய்கிற வேலைகள் இரண்டு: அடியில் ஒட்டிய பழுப்புப் படலத்தைக் கரைப்பது, கொழுப்பின் கனத்தை வெட்டுகிற அளவுக்குச் சிறிது புளிப்பைத் தருவது. முதல் வேலையை மரக்கரண்டி சொன்னதுபோல் எலும்புச் சாறே செய்துவிடும். இரண்டாவதற்கு அந்தச் சாற்றில் ஒரு தேக்கரண்டி வினிகர் கலந்தால் போதும். திராட்சைச் சாறு ஊற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன், இனிப்பு கடைசிவரை போகவில்லை.

பால் திரிந்ததற்கு விளக்கம் எளிது. பாலின் கேசின் புரதம், pH எனப்படும் அமில அளவு 4.6ஐ ஒட்டி இறங்கியதும் உறைந்துவிடும். தக்காளியின் அளவு பெரும்பாலும் அதற்கும் கீழேதான். எண்ணூறு கிராம் தக்காளியில், தளதளவென்று கொதிக்கும்போது, குளிர்ந்த பாலை ஒரே வீச்சில் கொட்டினால் அது வேறு என்ன செய்யும்? தக்காளியைக் குறைத்து, பாலைச் சூடாக்கி, பாதி நேரம் ஆன பிறகு இரண்டு இரண்டு மேசைக்கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் உள்வாங்கும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் தக்காளிக்கு முன்பே, கறி பொரிந்ததும் பாலை ஊற்றிச் சுண்டவிடுங்கள். இத்தாலியச் சமையல்காரர்களிலேயே இப்படிச் செய்பவர்கள் உண்டு. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். எப்படிச் செய்தாலும் நுண்ணிய திரிகள் சில தோன்றத்தான் செய்யும். பதற வேண்டாம், அடுத்த ஒரு மணி நேரத்தில் கறித் துகள்களோடு கலந்து காணாமல் போய்விடும்.


உப்புக்கல் எழுதியது:

பிரஷர் குக்கரை எல்லாரும் கைவிட்டுவிட்டதால் அதன் பக்கம் நான் பேசுகிறேன். மூடிய குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி வரை ஏறுவதால் கொலாஜன் விரைவில் கரைகிறது. அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது. நீராவி வெளியேற வழியில்லாததால் சாஸ் சுண்டுவதில்லை, அதுதான் குறை. ஆகவே குக்கரில் சாற்றின் அளவைப் பாதியாக்கி, முப்பது நிமிடம் வேகவைத்து, அழுத்தம் தானாக அடங்கிய பின் திறந்து, அதே பாத்திரத்தில் மூடாமல் நாற்பது நிமிடமாவது சுண்டவையுங்கள். பாலையும் அப்போதே சேர்க்கலாம். மூன்று மணி நேரச் சாஸின் ஆழம் கிடைக்காது. வாரநாள் இரவுக்கு மோசமில்லை.


வெங்காயத்தாள் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்ருட்சோ செய்தி எனக்குப் பெரிய ஆறுதல். வரும் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் முயலப்போகிறேன். அதற்குமுன் இரண்டு ஐயங்கள் உள்ளன. என் அடுப்பின் மிகச் சிறிய தீயிலேயே சாஸ் தளதளவென்று கொதிக்கிறது; இதை எப்படி அடக்குவது? சாஸ் பதத்துக்கு வந்துவிட்டது என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது?


மரக்கரண்டி எழுதியது:

நேப்பிள்ஸ்காரர்கள் இதற்கென்றே பிப்பியாரே என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள்; குமிழி உடையும் ஓசையிலிருந்து பிறந்த சொல். ஒரு குமிழி எழுந்து உடைந்து, அடுத்தது எழுவதற்குள் நீங்கள் ஒரு மூச்சு விட்டுவிட வேண்டும், அதுவே சரியான வேகம். உங்கள் அடுப்பில் அது முடியாதென்றால், அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் இடையே கனமான தோசைக்கல் ஒன்றை வைத்து அதன்மேல் பாத்திரத்தை ஏற்றுங்கள். வெப்பம் பரவித் தணிந்துவிடும். ஓவன் இருந்தால் இன்னும் நிம்மதி. 140 டிகிரியில், மூடியை ஒரு விரல் அளவு விலக்கி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை திறந்து கிளறிவிட்டு, சாறு தேவையா என்று பார்த்தால் போதும். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் சூடு வருவதால் அடிப்பிடிக்கும் அச்சம் மிகவும் குறைவு.

சாற்றைச் சேர்க்கும் விதத்தில் ஓர் எச்சரிக்கை. முதலிலேயே ஒரு லிட்டரை ஊற்றிவிட்டு மூன்று மணி நேரம் போய் வேறு வேலை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கறியின் தலை மூழ்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள், வற்றி அடியில் இலேசாகப் பிடிக்கத் தொடங்கும்போது அடுத்த அரைக் கோப்பை. சுண்டுவதும் நனைவதுமாக இது நான்கைந்து முறை நடக்கும்போதுதான் பாத்திரத்தின் ஓரங்களில் உலர்ந்து ஒட்டியதெல்லாம் திரும்பத் திரும்பச் சாஸுக்குள் கரைந்து நிறம் ஆழமாகிறது.

பதத்துக்கு அடையாளங்கள் உண்டு. நிறம் சிவப்பிலிருந்து விலகி, செங்கல்லைத் தண்ணீரில் நனைத்தாற்போலப் பழுப்பு கலந்திருக்கும். கரண்டியால் பாத்திரத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால், அடி இரண்டு மூன்று நொடி தெரிந்து, பின்னர் மெதுவாக மூடிக்கொள்ளும். அந்தக் கோட்டில் ஓடிவருவது நிறமேறிய கொழுப்பாக இருக்க வேண்டும், தண்ணீராக இருக்கக் கூடாது. எண்ணெய் பிரிந்து வருவது என்று நம் சமையலறையில் சொல்வோமே, அதேதான். அந்தக் கொழுப்பை வழித்து எடுத்துவிட வேண்டாம். பாஸ்தாவின்மேல் சாஸைப் படியவைப்பது அதுதான். ஒரு சிறு துண்டுக் கறியை நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே வைத்து அழுத்திப் பாருங்கள். பல்லின் உதவியின்றி நசுங்கினால் அடுப்பை அணைக்கலாம்.

தட்டில் சிவப்பு வளையம் கட்டுவதற்குச் சாஸ் மட்டும் காரணமில்லை. வெந்த பாஸ்தாவைத் தட்டில் வைத்து அதன் தலையில் சாஸை ஊற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு என்று வைத்து, உறையில் போட்டுள்ள நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே, கடித்தால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும் நிலையில் எடுத்துவிடுங்கள். வேகவைத்த நீரில் ஒரு கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு, பாஸ்தாவைச் சூடான சாஸுக்குள் போட்டு, அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, ஒரு நிமிடம் விடாமல் புரட்டுங்கள். நீரிலுள்ள மாவுச்சத்து கொழுப்பையும் சாற்றையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியை அடுப்பை அணைத்த பிறகே துருவிச் சேர்க்க வேண்டும். கொதிநிலையில் போட்டால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு கரண்டியில் சுற்றிக்கொள்ளும்.


அளவுகோல் எழுதியது:

ஸ்பகெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வழுக்கலான மெல்லிய இழையில் கொத்துக்கறி நிற்காமல் தட்டின் அடியில் போய்த் தங்கிவிடும். 2019இல் பொலோனியாவின் மேயரே, ஸ்பகெட்டி போலோனீஸ் என்ற ஒன்று தம் ஊரில் கிடையாது என்று உலகுக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. அங்கே முட்டை சேர்த்த தாலியதெல்லே என்னும் பட்டைப் பாஸ்தாவில்தான் ராகூ சேரும். அதன் அகலத்தையும் விட்டுவைக்கவில்லை: வெந்து தட்டுக்கு வரும்போது 8 மில்லி மீட்டர், அதாவது அவ்வூரின் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று 1972இல் அதே வணிகச் சபையில் பதிந்திருக்கிறார்கள். நீங்கள் அளவுகோலை எடுத்து அளக்க வேண்டாம். அகலமானதாக வாங்கினால் போதும்.

மிஞ்சிய சாஸை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். உறைநிலையில் மூன்று மாதம் வரை சுவை குன்றாது.


வெங்காயத்தாள் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை செய்து முடித்துவிட்டேன். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

தோளும் முன்னங்காலும் கலந்து 600 கிராம், பெரிய துளையில் ஒருமுறை அரைத்தது. எலும்புகளைக் கேட்டு வாங்கி, முந்தைய நாளே உப்பில்லாமல் சாறு எடுத்துவைத்தேன். வெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் காய்களை இருபது நிமிடம் வதக்கி, வெளியே எடுத்துவிட்டு, அதே பாத்திரத்தில் கறியை இரண்டு பங்காகப் போட்டேன். முதல் பங்கில் மரக்கரண்டி சொன்ன அந்த அமைதி வந்தபோது எனக்குப் புரியவில்லை. தீ அணைந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் சடசட ஓசை தொடங்கிவிட்டது. இரண்டாம் பங்கில் பதறாமல் காத்திருந்தேன். முந்தைய மூன்று முறையும் அந்தக் களகள ஓசையிலேயே நான் தக்காளியைக் கொட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பாலைத் தக்காளிக்கு முன்பே சேர்த்தேன். தக்காளிக் கூழ் 250 கிராம், விழுது ஒரு மேசைக்கரண்டி. ஓவன் இல்லாததால் தோசைக்கல்லின்மேல் பாத்திரத்தை வைத்தேன். மூன்றே கால் மணி நேரம் ஆயிற்று, சாறு ஐந்து முறை சேர்த்தேன். இரண்டாவது மணியில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்து ஒருமுறை தவறவிட்டதில் ஒரு ஓரத்தில் அடிப்பிடித்துவிட்டது. சுரண்டாமல், மேலே இருந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொடர்ந்தேன். கருகல் வாடை சாஸில் ஏறவில்லை.

கறி நெறுநெறுக்கவில்லை. புளிப்பு இல்லை, சர்க்கரையும் போடவில்லை. தட்டைச் சாய்த்தும் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் நெய் போலக் கொஞ்சம் நகர்ந்தது, தண்ணீர் வரவில்லை. ஆனால் ஆட்டுக்கொழுப்பின் வாடை எனக்குச் சற்று மிகுதியாகப் பட்டது. ஆறிய பிறகு உண்ணும்போது உதட்டில் மெழுகு போலப் படிகிறது. இதற்கு வழி உண்டா?


பழைய வாணலி எழுதியது:

ஆட்டுக்கொழுப்பு மாட்டுக்கொழுப்பையும் பன்றிக்கொழுப்பையும் விடச் சற்று உயர்ந்த வெப்பத்திலேயே உறைந்துபோகும். அவற்றைவிட வாடையும் அதிகம். ஆகவே கறியைப் பொரித்து முடித்ததும் பாத்திரத்தைச் சாய்த்து, உருகிய கொழுப்பில் பாதியைக் கரண்டியால் எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஆலிவ் எண்ணெயால் நிரப்புங்கள். கடைசியில் பிரிந்து நிற்கும் கொழுப்பை எடுக்காதீர்கள் என்று மரக்கரண்டி சொன்னது சரிதான். தொடக்கத்தில் எடுப்பது வேறு கணக்கு, அப்போது அதில் சாஸின் சுவை எதுவும் ஏறியிருக்காது. தட்டுகளைச் சூடாக்கிப் பரிமாறினால் மெழுகு படிவதும் குறையும். நான் தட்டுகளைப் பாஸ்தா கொதிக்கும் பாத்திரத்தின்மேல் மூடிபோலக் கவிழ்த்துவைப்பேன். எடுக்கும்போது மட்டும் துணி தேவை.